குமுளி மலையில் அறுந்த அழைப்பு: 4ஜி உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது?

அம்மா கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறார். விடியும் முன்பே கிளம்பி, கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி, மலை ஏறி, கேரள எல்லையிலுள்ள குமுளி வழியாகப் போகும் ஜீப் அது. மழைக்குப் பயந்து போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருப்பார். நான் வெளியூரில் வேலை பார்ப்பதால், அந்த ஜீப் நேரம்தான் எங்கள் இருவருக்கும் பேச்சு நேரம். கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வரை பேச்சு தடையில்லாமல் ஓடும். மலைப்பாதையில் பாதி ஏறியதும் அநேகமாக ஒரே வளைவில் அறுந்துவிடும். "மேட்டுல கட்டாயிரும்டா, குமுளி போயிட்டு நானே கூப்பிடுறேன்" என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவைப்பார். குமுளி போய்ச் சேர்ந்த பிறகும் சில நாள் அவர் போன் எனக்குக் கிடைக்காது. கால் மணி, அரை மணி கூட ஆகும்.

"டவர் இல்ல" என்று கீழே நாம் சொல்வதை, மேலே குமுளிக் கடைக்காரர் "ரேஞ்ச் இல்லா" என்பார். சொல் மாறுகிற அதே இடத்தில் நெட்வொர்க்கும் மாறுகிறது. ஆனால் ஒன்று எனக்கு விளங்காமலே இருந்தது. கம்பத்துக்கும் லோயர் கேம்புக்கும் நடுவில் ஜீப் எத்தனையோ டவர்களைக் கடக்கிறது. அங்கெல்லாம் அறுபடாத பேச்சு, மலையில் மட்டும் ஏன் அறுகிறது? குமுளியிலும் டவர் இருக்கிறதே, போனில் கோடுகள் தெரிகின்றனவே? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் 4ஜியின் கட்டமைப்பைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைப் புதிதாகக் கற்க வருபவருக்குச் சொல்கிற மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

விசாரிப்பது ஒருவர், சுமப்பது ஒருவர்

4ஜியில் ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆளை விசாரிக்கும் வேலை வேறு, சரக்கைச் சுமக்கும் வேலை வேறு. நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன அனுமதி என்பதைப் பார்க்க ஒரு கூட்டம். நீங்கள் பார்க்கும் வீடியோவையும் பேசும் பேச்சையும் சுமந்து போக இன்னொரு கூட்டம். இரண்டும் தனித்தனிப் பாதையில் போகின்றன.

முதலில் டவர். கம்பம் பக்கம் எந்த டவரை வேண்டுமானாலும் அண்ணாந்து பாருங்கள். உச்சியில் நீளவாக்கில் பலகை மாதிரித் தொங்குபவை ஆன்டெனாக்கள். பெரும்பாலும் மூன்று திசை பார்த்து இருக்கும், ஒவ்வொன்றும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கவனிக்கிறது. முரசு மாதிரி வட்டமாகத் தெரிவது போனுக்கானது அல்ல. அது அந்த டவரை இன்னொரு டவரோடு இணைக்கும் மைக்ரோவேவ் டிஷ். மண்ணுக்கடியில் ஃபைபர் கொண்டுவர முடியாத மலைப்பகுதியில் அதுதான் உயிர்நாடி. கீழே உள்ள பெட்டியில் கணக்குப் போடும் கருவி இருக்கிறது. இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் 4ஜி மொழியில் ஈநோட்-பி என்று பெயர். நமக்கு டவர் என்றாலே போதும்.

3ஜியில் டவர்களுக்கு மேலே ஒரு கட்டுப்பாட்டு மையம் உட்கார்ந்திருந்தது. எந்தப் போனை எந்த டவர் பார்த்துக்கொள்வது என்பதை அதுதான் முடிவு செய்யும். 4ஜியில் அந்த நடு அதிகாரியை எடுத்துவிட்டார்கள். டவரே முடிவெடுக்கிறது, பக்கத்து டவரோடு நேரடியாகப் பேசுகிறது. எடுத்த முடிவு மேலே போய்த் திரும்பி வரும் நேரம் மிச்சம். 4ஜியில் பக்கம் சட்டென்று திறப்பதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை, இந்தச் சுருக்கமும் காரணம்.

டவருக்குப் பின்னால், எங்கோ பெருநகரத்தின் கட்டடம் ஒன்றில், கோர் என்று சொல்லும் நடுப்பகுதி இருக்கிறது. அதில் விசாரிக்கும் கூட்டத்தின் தலைவர் எம்எம்இ. அவர் பார்த்துச் சரிசெய்யும் பெரிய பேரேடு எச்எஸ்எஸ். ஒவ்வொரு சிம்மின் விவரமும் ரகசியச் சாவியும் அந்தப் பேரேட்டில்தான் உள்ளன. சுமக்கும் கூட்டத்தில் இரண்டு வாசல்கள்: உங்கள் ஊர்ப் பக்கத்து வாசல் எஸ்-கேட்வே, இணையத்தைப் பார்த்த வாசல் பி-கேட்வே. யாருக்கு எந்தத் தரத்தில் சேவை என்று விதி சொல்ல பிசிஆர்எஃப் என்று ஒன்று உண்டு. அதை இப்போதைக்குத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வடிவத்தை வகுத்தது 3ஜிபிபி எனும் உலக அளவிலான தரநிர்ணயக் கூட்டமைப்பு. எல்டிஇ என்ற பெயரில் அதன் முதல் பதிப்பு 2008 டிசம்பரில் முடிவானது. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவில் 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் ஏர்டெல் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான் நம் கைகளுக்கு அது சரளமாக வந்து சேர்ந்தது.

போனை ஆன் செய்ததும்

காலையில் போனை ஆன் செய்தால் கோடு தெரிவதற்குள் நடப்பவை ஏராளம். போன் முதலில் அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவுகிறது. ஒவ்வொரு டவரும் தன் நெட்வொர்க்கின் எண்ணை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணில் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும், இந்தியாவுக்கு 404, 405. அதற்கடுத்த இலக்கங்கள் நிறுவனத்தையும் வட்டத்தையும், அதாவது தொலைத்தொடர்புக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதியையும், சொல்லும். இந்த வட்டம் என்ற சொல்லை மறக்காதீர்கள், மலை ஏறும்போது தேவைப்படும். சிம்முக்குள்ளும் அதே மாதிரி ஓர் அடையாள எண் இருக்கிறது, அதிகபட்சம் 15 இலக்கம். நாம் டயல் செய்யும் பத்து இலக்க எண் அல்ல அது. இரண்டின் முன்பகுதியும் பொருந்தினால், இது நம் வீட்டு நெட்வொர்க் என்று போன் புரிந்துகொள்ளும்.

பிறகு டவர் வழியாக எம்எம்இக்கு விண்ணப்பம் போகும். எம்எம்இ பேரேட்டைக் கேட்கும். இங்கே நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிம்முக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது, பேரேட்டிலும் அதன் ஜோடி இருக்கிறது. அந்தச் சாவி காற்றில் ஒருமுறைகூடப் பயணம் செய்வதில்லை. பேரேடு ஒரு தற்செயல் எண்ணைத் தேர்ந்து, அதைத் தன் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை எம்எம்இயிடம் கொடுக்கிறது. எம்எம்இ விடையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் போனுக்கு அனுப்புகிறது. சிம் தன் சாவியால் அதே கணக்கைப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். இரண்டு விடையும் ஒத்துப்போனால் ஆள் உண்மை. இதில் இன்னொன்றும் உண்டு: எண்ணோடு சேர்ந்து வரும் ஒரு முத்திரையை வைத்து, தன்னிடம் கேட்பது உண்மையான நெட்வொர்க்தானா என்று சிம் முதலில் சோதிக்கிறது. 2ஜியில் போன் மட்டும்தான் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது, அதனால் போலி டவர் வைத்து ஏமாற்ற வழி இருந்தது. 4ஜியில் சோதனை இரு பக்கமும் நடக்கிறது.

ஆள் சரி என்றதும், "இந்தச் சிம் இப்போது இந்த எம்எம்இயின் பார்வையில் இருக்கிறது" என்று பேரேட்டில் குறித்துக்கொள்வார்கள். இதை ஒருநாள் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "தோட்டத்துக்குப் போனதும் கங்காணிகிட்ட பேர் கொடுக்கிற மாதிரியா? பேர் எழுதலைன்னா நாள் முழுக்க எடுத்தாலும் கூலி கணக்குல வராதே." அதேதான். பேர் எழுதும்வரை போன் கையில் இருந்தாலும் நெட்வொர்க்கின் கணக்கில் இல்லை. அதற்கு வரும் அழைப்பு எங்கே போவது?

மலையைக் குடைந்த பாதை

பேர் எழுதியாயிற்று, இனிச் சரக்கு போக வழி வேண்டும். அந்த வழிக்கு 4ஜியில் டனல் என்றே பெயர், அதாவது சுரங்கம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவருக்கு இதை விளக்க வேறு எங்கும் போக வேண்டாம். தேக்கடியில் தேங்கும் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, ஆற்றில் கலந்து வைகை அணையை நோக்கிப் போகிறது. முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்த 1895ஆம் ஆண்டிலிருந்து அந்தச் சுரங்கம்தான் நம் வயலுக்குச் சோறு போடுகிறது. குமுளிச் சாலையில் ஏறும்போது அந்தக் குழாய்களை எல்லோரும் பார்த்திருப்போம். உள்ளே ஓடும் தண்ணீர் வெளியே தெரியாது. தண்ணீருக்கும் தான் எந்த மலைக்குள் போகிறோம் என்று தெரிய வேண்டியதில்லை, சுரங்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

உங்கள் தரவும் அப்படியே, சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து போகும். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் டவர் ஓர் உறை போடும். அதில் சுரங்க எண் எழுதி எஸ்-கேட்வேக்குத் தள்ளும். எஸ்-கேட்வே உறையை மாற்றி வேறு எண் எழுதி பி-கேட்வேக்குத் தள்ளும். பி-கேட்வேயில்தான் உறை பிரிக்கப்பட்டு உங்கள் பொட்டலம் இணையத்துக்குள் போகிறது. உங்கள் போனுக்கு ஐபி முகவரி கொடுப்பதும் பி-கேட்வேதான். அதனால் வாட்ஸ்அப்போ யூடியூபோ பார்ப்பது பி-கேட்வேயின் வாசலை மட்டும். நீங்கள் கம்பத்தில் இருந்தாலும் கூடலூருக்கு நகர்ந்தாலும் அவற்றுக்குத் தெரியாது. மாறுவது சுரங்கத்தின் இந்தப் பக்க முனை மட்டும்.

ஒரே போனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் உண்டு. சாதாரண இணையத்துக்குக் கொஞ்சம் பொறுத்துப் போகும் பாதை. பேச்சுக்குத் தாமதம் கூடாது, அதற்குத் தனிப் பாதை. 4ஜியில் பழைய மாதிரி பேச்சுக்கென்று ஒதுக்கிய கம்பி கிடையாது, எல்லாமே பொட்டலம்தான் என்பதால் இது முக்கியம். வோல்ட்இ என்பது அந்தத் தனிப் பாதையில் பேச்சைப் பொட்டலமாக அனுப்புவது. நீங்கள் எண்ணை அழுத்தியதும் அந்தப் பாதை திறக்கும், பேசி முடித்ததும் மூடிவிடும். வோல்ட்இ இல்லாத போனில், பேசும் நேரத்துக்கு மட்டும் 4ஜி போய் ஹெச் அல்லது ஈ என்று காட்டும். பேச்சுக்காகப் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிவிட்டது என்று பொருள்.

போனுக்கும் டவருக்கும் நடுவில் காற்றில் நடப்பது இன்னொரு கதை. டவரிடம் உள்ள அலைவரிசையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டியிருக்கிறார்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருந்தால் 100 கட்டங்கள். ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை, எந்தக் கட்டம் எந்தப் போனுக்கு என்று டவர் புதிதாக முடிவு செய்கிறது. முறை வைத்து மடை திறந்து தண்ணீர் விடுவது போலத்தான், ஆனால் விநாடிக்கு ஆயிரம் முறை. டவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு துடிப்பில் 6 பிட் ஏற்றலாம், தூரத்தில் மங்கலாகக் கேட்பவருக்கு 2 பிட்தான் ஏற்ற முடியும். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் முழுக்கோடு இருந்தும் நெட் சுத்திக்கொண்டே இருப்பது இதனால்தான். சிக்னல் நன்றாகவே கேட்கிறது, முறைதான் வரவில்லை.

தூங்கும் போன், நகரும் போன்

போனைப் பையில் போட்டுவிட்டால் சில விநாடிகளில் டவர் அதன் கையை விட்டுவிடும். பேட்டரிக்கு நல்லது. ஆனால் ஐபி முகவரியும், இரண்டு வாசல்களுக்கு நடுவிலுள்ள சுரங்கமும் அப்படியே இருக்கும். டவர் வரைக்குமான கடைசித் துண்டு மட்டும் மடக்கி வைக்கப்படும். ஒரு செய்தி வந்தால் எஸ்-கேட்வே அதைக் கையில் வைத்துக்கொண்டு எம்எம்இயிடம் சொல்லும். எந்த டவருக்குக் கீழே போன் தூங்குகிறது என்று எம்எம்இக்குத் துல்லியமாகத் தெரியாது, பல டவர்கள் சேர்ந்த ஒரு பகுதி என்று மட்டும் தெரியும். அந்தப் பகுதியில் உள்ள எல்லா டவர்களிலும் பெயர் சொல்லிக் கூப்பிடும். தூங்கும் போன் விநாடிக்கு ஒருமுறை அளவில் கண்விழித்து, தன்னை யாராவது கூப்பிடுகிறார்களா என்று காது கொடுக்கும். கேட்டதும் எழுந்து பதில் சொல்லும், மடக்கிய துண்டு மறுபடி விரியும், செய்தி வந்து சேரும்.

பேசிக்கொண்டே நகர்வது வேறு. ஜீப் கூடலூரை நெருங்கும்போது, அடுத்த டவர் இப்போதையதைவிட நன்றாகக் கேட்கிறது என்று போன் அறிக்கை கொடுக்கும். பழைய டவர் புதிய டவரிடம் நேரடியாகக் கேட்கும்: இந்த ஆளை ஏற்றுக்கொள்கிறாயா? சரி என்றதும் போனுக்குக் கட்டளை போகும். வழியில் இருக்கும் பொட்டலங்களைப் பழைய டவர் புதியதற்குத் தள்ளிவிடும். போன் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் எம்எம்இக்குத் தகவல் போகிறது. அது எஸ்-கேட்வேயிடம் சொல்ல, சுரங்கத்தின் முனை புதிய டவரை நோக்கித் திரும்புகிறது. இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிவதால் அம்மாவின் குரலில் ஒரு பிசிறுகூட இருக்காது.

எல்லையில் என்ன ஆகிறது

ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது, போனில் சிம் நிலை காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் குமுளிக்கு ஏறினேன். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் அபவுட் போன் பகுதியில் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸ் எண்தான், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. லோயர் கேம்பில் மைனஸ் 84. குழாய்கள் தெரியும் வளைவுகளைத் தாண்டியதும் மைனஸ் 103. அடுத்த கொண்டை ஊசியில் மலை குறுக்கே வந்ததும் மைனஸ் 117. ஒரு நிமிடம் அங்கேயே தொங்கியது. பிறகு சேவை இல்லை என்றது. கொஞ்ச நேரம் கழித்து மைனஸ் 79 என்று வந்தது, பக்கத்தில் ரோமிங் என்ற சொல்லோடு.

அந்த ஒரு நிமிடத்தில்தான் விடை இருந்தது. கீழே நாம் இருப்பது தமிழ்நாட்டு வட்டம், மேலே கேரள வட்டம். நிறுவனத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் ஒலிபரப்பும் நெட்வொர்க் எண் வேறு. டவர் விட்டு டவர் கைமாற வேண்டுமானால், இரண்டு எண்களும் சமம் என்று நெட்வொர்க்கில் எழுதி வைத்து, டவர்களை ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாத எல்லையில், பக்கத்து வட்டத்து டவர் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் போனை அதனிடம் கைமாற்றிக் கொடுக்க மாட்டார்கள். பழைய டவரின் கடைசி இழை அறும்வரை பிடித்துக்கொண்டிருந்து, அறுந்த பிறகு போன் தானாகத் தேடி, கேரளத்து எம்எம்இயிடம் புதிதாகப் பேர் கொடுக்க வேண்டும். அந்த எம்எம்இ சிம் எண்ணின் முன்பகுதியைப் பார்த்து, தமிழ்நாட்டுப் பேரேட்டிடம் விசாரித்து, சாவிக் கணக்கைப் போட்டுச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். ரோமிங் காசு போய்விட்டது, ரோமிங் என்ற ஏற்பாடு போகவில்லை.

இங்கே அழகான ஒன்று நடக்கிறது. வீட்டுப் பாதை என்ற முறையில் அமைத்திருந்தால், குமுளி டவர் வாங்கும் உங்கள் பொட்டலம் அங்கேயே இணையத்துக்குள் போகாது. கேரளத்து எஸ்-கேட்வேயிலிருந்து நீண்ட சுரங்கம் வழியாக உங்கள் சொந்த நெட்வொர்க்கின் பி-கேட்வேக்கு வந்து, அங்கிருந்துதான் வெளியேறும். மலைக்கு மேலே பிடித்த தண்ணீர் சுரங்கம் வழியாகக் கீழே வருவது போலவேதான்.

சரி, குமுளி பஸ் ஸ்டாண்டில் கோடு இருந்தும் அம்மாவின் போன் ஏன் கிடைப்பதில்லை? போனுக்குத் தன் வீட்டு நெட்வொர்க் மேல் பிடிப்பு அதிகம். கீழிருந்து கசியும் மெல்லிய தமிழ்நாட்டுச் சிக்னல் சில இடங்களில் குமுளி வரை எட்டும். கேட்கிற வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே வலுவான கேரள டவர் இருந்தாலும். போனின் குரல் திரும்பக் கீழே எட்டாது, ஆனால் கீழிருந்து வருவது மங்கலாகக் கேட்கும். கோடு ஒன்றோ இரண்டோ காட்டும், அழைப்பு சேராது. கேரள நெட்வொர்க்குக்கு மாறிய பிறகும் நடுநடுவே வீட்டு நெட்வொர்க் கிடைக்கிறதா என்று போன் தேடிப்பார்க்கும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பது சிம்மில் எழுதியிருக்கும், எழுதாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை. எல்லையில் குடியிருப்பவர்களின் போன் ஓரிடத்தில் வைத்த இடத்திலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவுவது இதனால்தான்.

ஏரோப்பிளேன் மோடைப் போட்டு எடுத்தால் சரியாவது சும்மா நம்பிக்கை இல்லை. போட்டதும் போன் தன் பெயரை எடுத்துக்கொண்டு விலகுகிறது, எடுத்ததும் முதலிலிருந்து தேடுகிறது. குமுளி மாதிரி இடத்தில் இன்னும் உறுதியான வழி, நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை அணைத்துவிட்டு, பட்டியலிலிருந்து மேலே உள்ள நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுப்பது. கீழே இறங்கியதும் மறக்காமல் பழையபடி மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் போன் செத்துக் கிடக்கும்.

அம்மாவுக்கு அவ்வளவு வேண்டாம் என்று ஏரோப்பிளேன் பொத்தானை மட்டும் காட்டிக் கொடுத்தேன். குமுளி ஸ்டாண்டில் ஜீப் நின்றதும் பிளாஸ்டிக் பைக்கு மேலேயே அதை அழுத்துகிறார், பத்து எண்ணுகிறார், திரும்ப அழுத்துகிறார். "பேர் கொடுத்துட்டேன்டா, பேசு" என்பதுதான் இப்போது அவர் எடுத்ததும் சொல்லும் முதல் வார்த்தை.